கதவருகில் தொங்கும் துணிப்பை

எங்கள் வீட்டுக் கதவருகில், செருப்பு அலமாரிக்கு மேலே, ஒரு துணிப்பை எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே நடுத்தர அளவில் ஒரு மாற்றுடை, பிரிக்காத உள்ளாடைகள் இரண்டு அளவுகளில், மெல்லிய சால்வை, ரப்பர் செருப்பு, சீப்பு, மைலோ பொட்டலங்கள், பிஸ்கட், கைப்பேசிக்கு மின்னேற்றி. பார்க்கிறவர்கள் பிரசவத்துக்குத் தயாராக வைத்த பை என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை.

பாலியல் வன்கொடுமைக்கும் சுரண்டலுக்கும் ஆளானவர்களுக்குத் துணையாகப் போகும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று அவர்கள் போக வேண்டிய இடங்களுக்குக் கூடவே போவேன். தமிழ் பேசுகிறவர் என்றால் பெரும்பாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். இந்தப் பதிவில் வருகிறவர்களின் வயது, ஊர், வேலை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். சில இடங்களில் இரண்டு பேரை ஒருவராக்கியிருக்கிறேன். அவர்களுடைய சொற்களை மட்டும் மாற்றவில்லை. நான் எழுத வந்ததே அந்தச் சொற்களைப் பற்றித்தான்.

முதல்முறை போனபோது வெறுங்கையோடு போனேன். அந்தப் பெண் உடுத்தியிருந்த உடை தடயமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மாற்றிக்கொள்ளக் கிடைத்த உடை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. விடிந்து வெளியே வந்து டாக்சிக்காக நின்றபோது, வேலைக்குப் போகும் கூட்டம் எங்களைக் கடந்து சென்றது. அவள் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அன்று மாலையே சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தைக்குப் போய் இந்தப் பையை நிரப்பினேன்.

சிங்கப்பூரில் இதற்கென்று எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நிறைய இருக்கிறது, அவை எளிதில் வந்தவையும் அல்ல. 2012 வரை, பாலியல் வல்லுறவுப் புகார் கொடுத்த பெண் ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தைக் குலைக்க நம் சாட்சியச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இடம் கொடுத்தது. அந்த ஆண்டில்தான் அது நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2011-இல், அவேர் மாதர் அமைப்பு பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்களுக்கென்றே ஒரு சேவையைத் தொடங்கியது. உதவி எண், ஆலோசனை, கூடவே வரும் துணை என்று அது வளர்ந்தது. 2017 முதல் காவல்துறையின் கண்டோன்மண்ட் வளாகத்தில் 'ஒன்சேஃப்' என்ற நிலையம் இயங்குகிறது. சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் வருகிறவர்களுக்கு மருத்துவத் தடயப் பரிசோதனையையும் வாக்குமூலத்தையும் ஒரே கூரையின் கீழ் அங்கே முடிக்கலாம். அதற்கு முன்பு காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போய் வேறு கூட்டத்துக்கு நடுவில் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு பயணம் குறைந்ததே எத்தனை பெரிய ஆறுதல் என்பது அந்த நிலையில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த 72 மணி நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அது எப்படிக் கரைகிறது என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஒரு பெண் அழுதுகொண்டு வீட்டுக்கு வருகிறாள். என்ன நடந்தது என்று ஒருவாறு புரிந்ததும் ஒரு தமிழ்த் தாய் சொல்லும் முதல் வாக்கியம் என்ன? "முதலில் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வா." அதில் கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லை. துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்கிறோம், ஆகாதது எதையாவது தொட்டுவிட்டால் குளிக்கிறோம், ஓர் உறவே வேண்டாம் என்றால்கூடத் தலைமுழுகிவிட்டேன் என்றுதான் சொல்கிறோம். தண்ணீர் ஊற்றிக்கொண்டால் விட்டுப்போகும் என்று உடம்பிலேயே ஊறிப்போயிருக்கிறது. அம்மா அந்த உடைகளை வாளியில் போட்டு சோப்புத்தூளில் ஊறவைத்துவிடுவார். மகள் ஒரு மணி நேரம் குளியலறையில் இருப்பாள். இருவரும் அன்பினால் செய்கிற காரியத்தில் தடயம் முழுவதும் சாக்கடையில் போய்விடும்.

ஆகவே, குளிப்பதற்கு முன் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு. உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு வையுங்கள். ஏற்கெனவே குளித்துவிட்டாலும் போகலாம், தயங்க வேண்டாம். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. அதற்குள் முடியவில்லை என்றாலும் கதவு அடைபடுவதில்லை. இங்கே இத்தகைய குற்றத்தைப் பற்றிப் புகார் கொடுக்கக் காலக்கெடு கிடையாது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு கழித்தும் கொடுக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. சொன்னதும் முகத்தில் ஏற்படுகிற மாற்றத்தைப் பார்த்திருக்கிறேன்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

வீட்டு வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண். முப்பது வயது இருக்கும். அவர் சொன்னது: "அவர் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார் அக்கா." தமிழ் தெரிந்த யாருக்கும் இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் கையைப் பிடித்து இழுத்தான் என்றால் கையோடு முடிந்த விஷயம் அன்று. ஆனால் அதை அப்படியே வேறொரு மொழிக்கு மாற்றினால் என்ன மிஞ்சும்? ஒருவர் இன்னொருவரின் கையைப் பிடித்து இழுத்தார், அவ்வளவுதான். வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பது என் வேலை அல்ல, அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். எழுதியதை வாசித்துக் காட்டியபின் வெளியே வந்தவர், "நான் சொன்னது அதில் இல்லை அக்கா. ஆனால் நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள்" என்றார். அந்த வாக்கியத்தை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

விசாரணை அதிகாரியிடம் போய், இவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று நினைக்கிறேன் என்றேன். அந்த அதிகாரி நல்லவர். மறுபடி உட்காரவைத்து, அவசரப்படாமல், அதற்குப் பிறகு என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டரை மணி நேரம் இல்லாவிட்டால் வழக்கே வேறாகியிருக்கும்.

'தப்பாக நடந்துகொண்டான்', 'சீண்டினான்', 'நாசம் செய்துவிட்டான்', 'என்னைக் கெடுத்துவிட்டான்'. இவைதாம் நம் பெண்களிடம் இருக்கும் சொற்கள். என்ன நடந்தது என்பதை மூடிவைக்கவே உண்டான சொற்கள் இவை. உடலின் பாகங்களுக்கு வசைச்சொல் அல்லது மருத்துவச் சொல் என்று இரண்டே வகை வைத்திருக்கிறோம். வீட்டில் சாதாரணமாகச் சொல்ல நடுவே ஒரு சொல்லும் இல்லை. ஏழு வயதுக் குழந்தை எந்தச் சொல்லால் அம்மாவிடம் சொல்லும்?

பத்திரிகைத் தமிழ் முன்பு 'கற்பழிப்பு' என்று எழுதியது. இப்போது பெரும்பாலும் 'பாலியல் வன்கொடுமை' என்கிறது. இந்த மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். செய்தவன் ஒருவன், அழிந்தது இவளுடைய கற்பு என்று சொன்னது அந்தப் பழைய சொல். ஆனால் 'மானபங்கம்' இன்னும் நம்மிடம் இருக்கிறது. இந்தக் குற்றத்துக்கான அதிகபட்சச் சிறைத்தண்டனை 2022 மார்ச்சில் இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாக உயர்த்தப்பட்டது என்று வாசிக்கும்போதுகூட, பங்கப்பட்டது அவள் மானம் என்றுதான் அந்தச் சொல் சொல்கிறது. ரயிலில் ஒருவன் கையை நீட்டினால் போக வேண்டியது யாருடைய மானம்?

ஆண்களைப் பற்றி யோசித்தால் இன்னும் மோசம். 2020 ஜனவரி 1 முதல் நம் சட்டம் வல்லுறவின் வரையறையை விரித்து, ஆணும் அதற்கு ஆளாகலாம் என்று ஏற்றுக்கொண்டது. நம் மொழி இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. கற்பு என்ற சொல்லில் அவனுக்கு இடம் இல்லை. "என்னைச் செய்துவிட்டார்கள்" என்று ஓர் இளைஞன் சொன்னான். அதற்கு மேல் அவனிடம் வார்த்தை இல்லை. எனக்கும் இல்லை. அருகில் உட்கார்ந்திருந்தேன்.

அதே 2020 ஜனவரி 1-இல்தான் மனைவியை வல்லுறவு கொள்ளும் கணவனுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பும் முழுதாக நீங்கியது. இதை நான் தமிழ்ப் பெண்கள் கூடும் இடங்களில் சொன்னால் இரண்டு விதமான அமைதி நிலவும். ஒன்று நம்ப முடியாத அமைதி. மற்றது, ஒருத்தி மெல்லத் தன் கைப்பையின் வாரைத் திருகத் தொடங்கும் அமைதி. திருமணமாகி இந்தியாவிலிருந்து வந்து, கணவர் கையெழுத்துப் போட்டுப் பெற்ற அனுமதியில் இங்கே இருக்கிற பெண்ணுக்கு, "ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். அவளுக்குச் சட்டம் தெரிந்திருப்பது மட்டும் போதாது. தங்க இடம், பிள்ளைகளின் பள்ளி, அனுமதி அட்டை என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. ஒன்றை இழுத்தால் மற்றதெல்லாம் சேர்ந்து வரும்.

வேலைக்கு வந்தவர்களின் நிலைமையும் அப்படித்தான். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இல்லப் பணிப்பெண்கள் இந்தத் தீவில் இருக்கிறார்கள். வேலை, உறைவிடம், உணவு, நாட்டில் இருக்கும் உரிமை ஆகிய நான்கும் ஒரே வீட்டுக் கதவுக்குள் அடங்கியிருக்கின்றன. அந்த வீட்டுக்குள்ளேயே கொடுமை நடந்தால் ஒரே நாளில் நான்கும் போய்விடும். வார ஓய்வு நாள் 2013-இல் சட்டமானது. ஆனால் பணம் கொடுத்து எல்லா நாட்களையும் வாங்கிக்கொள்ள முதலாளிகளுக்கு வழி இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணத்துக்கு விற்க முடியாது என்பது 2023-இல்தான் வந்தது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் ஓய்வுக்கானதாக எனக்குத் தோன்றுவதில்லை. யாரிடமாவது வாய்திறக்க வாய்க்கும் ஒரே நாள் அதுதான். கோயிலில், தேக்காச் சந்தையில், பணம் அனுப்பும் வரிசையில் பக்கத்தில் நிற்கிறவளிடம்தான் முதல் வார்த்தை வெளியே வருகிறது.

முன்பு சொன்ன அந்தப் பெண்ணிடம், உங்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று முதல் நாள் கேட்டேன். ஆலோசகரை ஏற்பாடு செய்யலாம் என்று மனத்தில் வைத்திருந்தேன். அவர் கேட்டது கைப்பேசிக்குப் பணம் போட. இரண்டாவது, "இந்த மாதம் வீட்டுக்குப் பணம் போகாது. என்ன காரணம் சொல்வது?" முகவருக்குக் கடன் பாக்கி. மகள் பத்தாம் வகுப்பு. வழக்கு முடியும்வரை காப்பகத்தில் இருக்கலாம், சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஊரில் ஒரு கேள்வி முளைத்தது. கடைசியில் விசாரணைக் காலத்தில் வேறு வீட்டில் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. அன்றுதான் அவர் முதன்முதலாக முழு வயிறு சாப்பிட்டார். பின்னாளில் ஆலோசகரையும் பார்த்தார், அதுவும் உதவியது. ஆனால் வரிசை அதுவாகத்தான் இருந்தது. உதவி செய்ய வருகிறவர்கள் தங்கள் வரிசையை மற்றவர்மேல் திணிக்கக் கூடாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

சுரண்டலுக்கும் இதே முடிச்சுதான். ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் 2015 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. நடன வேலைக்கு என்று அழைத்துவரப்பட்ட மூன்று பங்ளாதேஷ் பெண்களின் கடப்பிதழ்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இரவு விடுதிகளில் கொடுமைப்படுத்திய ஒரு தம்பதி, உழைப்புச் சுரண்டலுக்காக அச்சட்டத்தின்கீழ்க் குற்றவாளிகள் என்று முதன்முதலாகத் தீர்ப்புப் பெற்றது 2019-இல். அடுத்த ஆண்டு ஐந்தரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்தத் தம்பதி இந்தியர்கள். இதை நம் வட்டத்தில் யாரும் பேச விரும்புவதில்லை. நம் ஆட்கள் கொடுமைக்கு ஆளானால் பேசுகிறோம், நம் ஆட்கள் கொடுமை செய்தால் செய்தித்தாளை மடித்து வைத்துவிடுகிறோம்.

புகார் கொடுத்த பிறகு வரும் நீண்ட காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கு மாதக்கணக்கில் நடக்கும், ஆண்டைத் தாண்டியும் போகும். 2018-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, புகார் கொடுத்த கணத்திலிருந்தே அவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மூடிய நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம். குற்றம் சாட்டப்பட்டவரின் முகம் தெரியாதபடி திரையும் கேட்கலாம். இவையெல்லாம் நீதிமன்றத்துக்குள். தீபாவளிக் காலையில் என்ன செய்வது? செய்தவன் மாமாவாக இருந்தால், குடும்பத்தில் பாதிப் பேர் அவன் பக்கமாக இருந்தால், அந்தப் பெண் எந்த வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொள்வாள், யார் கையால் புதுத்துணி வாங்கிக்கொள்வாள்? சென்ற சில ஆண்டுகளாக எங்கள் வீட்டில் தீபாவளிக்கு இலை கூடுதலாகப் போடுகிறோம். யார், எதற்கு என்று என் கணவரும் பிள்ளைகளும் கேட்பதில்லை. அவர்கள் கேட்காமல் இருப்பதும் பெரிய உதவி.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிற நான், 1996-இல் என்ன செய்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தாத்தாவின் திதிக்கு எல்லாரும் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் கூடியிருந்தோம். அடுக்களையில் நானும் சித்தி மகளும். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், உயர்நிலை மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே, "அக்கா, அந்த அங்கிள் வந்தால் நான் உன் அறையில் இருந்துகொள்ளட்டுமா?" என்றாள். ஏன் என்றேன். சொன்னாள். நான்கைந்து வார்த்தை. நான் முதலில் செய்தது, அடுக்களைக் கதவைச் சாத்தியது. அவளைக் காப்பதற்கு அல்ல, மற்றவர் காதில் விழாமல் இருப்பதற்கு. பிறகு, "வேறு யாரிடமும் சொல்லிவிடாதே, இன்றைக்கு வேண்டாம்" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு மிச்சத் தேங்காயையும் துருவி முடித்தாள். அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

2014-இல் அவளே தொலைபேசியில் கூப்பிட்டு, பேச வேண்டும் என்றாள். பேசினோம். மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. அடுத்த ஆண்டு நான் தொண்டூழியப் பயிற்சியில் சேர்ந்தேன்.

உதவி எண்ணுக்கும் காவல் நிலையத்துக்கும் வெகு முன்னாலேயே இன்னொரு முகப்பு இருக்கிறது, அடுக்களை. அங்கே ஓர் அக்காவோ அத்தையோ பாட்டியோ ஏதாவது கிளறிக்கொண்டிருப்பார். அந்த முகப்பைத் தாண்டினால்தான் மற்றதெல்லாம். அங்கே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை. தமிழ் பேசும் ஆலோசகர்கள் கூடுதலாக வேண்டும், அவர்களுக்கு முறையான சம்பளம் வேண்டும், தொண்டூழியர்களை வைத்தே காலம் தள்ளக் கூடாது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு 'கையைப் பிடித்து இழுத்தான்' போன்ற சொற்களில் தனிப் பயிற்சி வேண்டும். இவற்றை வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் கேட்கிறேன். ஆனால் அந்த அடுக்களை முகப்புக்கு நாமேதான் போக வேண்டும்.

அதனால் இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுகிறோம். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் சொல்கிறவராகவும் ஒருவர் கேட்கிறவராகவும் எதிரெதிரே உட்கார்ந்து பழகுகிறோம். யாருடன் போனாய், எந்த உடை போட்டிருந்தாய், ஏன் கத்தவில்லை என்று கேட்கக் கூடாது. "சொன்னது நல்லது. நான் நம்புகிறேன். என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்வதற்கு எளிதாகத் தெரிகிறது. முதல் நாள் யாராலும் சொல்ல முடியவில்லை. நாக்கு தானாகவே "அட கடவுளே, உன் அம்மாவுக்குத் தெரியுமா?" என்றுதான் திரும்பியது.

எழுபத்தொரு வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். தேக்காவில் நாற்பது ஆண்டு பூக்கட்டியவர். அவருடைய முறை வந்தபோது நான் சொல்லிக்கொடுத்த மூன்று வாக்கியமும் அவருக்கு மறந்துவிட்டது. எதிரே இருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை இழுத்து, எதிரே போட்டிருந்ததை அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சொல்லும்மா. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை" என்றார். நடிப்புதான் என்று தெரிந்தும் எதிரே இருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து எல்லாரும் நாற்காலியைப் பக்கத்தில்தான் போடுகிறோம்.

கலைந்து போகும்போது, 24 மணி நேரமும் இயங்கும் தேசிய உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடு என்று பாட்டி கேட்டார். 1800-777-0000 என்று தடித்த மையில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த தினசரி நாள்காட்டியில், தாள்களின்மேல் ஒட்டினால் கிழித்துவிடுவோம் என்று, மேலே சாமி படத்துக்குப் பக்கத்து அட்டையில் சோற்றுப் பசை தடவி ஒட்டியிருந்தார்.